அக்காவும் சதுரக் காசில் இருந்த குதிரையும்

வடக்கனந்தலில் பிறந்த எங்கள் அக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் குடும்பத்தில் உண்டு. அவரிடம் அதிகம் திட்டு வாங்கியவன் நான் என்பதால் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

அம்மா சீக்கிரமே காலமானதால், எனக்குத் தலைவாரி அனுப்பிய பிறகே அக்கா பள்ளிக்கு ஓடுவார். பின்னர் கல்வராயன் மலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் சுகாதார செவிலியராக இருந்தார். ஓடை பெருகிய நாளிலும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு பிரசவம் பார்க்கப் போனவர். மலை மக்களுக்கு அவர் 'நர்சம்மா'.

அப்பா மலைக் கிராமங்களில் பழைய செம்பு, பித்தளையை வாங்கிக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரி. பழசுக்குள் தேய்ந்த காசு கிடந்தால், உருக்கப் போடாமல் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். அவர் மறைந்தபின் நிலம் எனக்கு வந்தது. அக்கா டப்பாவைக் கேட்டார். நானும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தேன்.

பணி ஓய்வுக்குப் பிறகுதான் அக்கா அதைத் திறந்தார். எண்பதுக்கும் மேற்பட்ட காசுகள். முக்கால்வாசி வழவழவென்று தேய்ந்தவை. மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு காசை இட்டுக் குறிப்பு எழுதினார். "பெயர்: தெரியாது. வயது: முந்நூறுக்கு மேல். முகம்: முழுத் தேய்வு. முதுகு: ஏதோ கோடு." கள்ளக்குறிச்சி நகைக்கடையில் எடை பார்த்து அதையும் எழுதினார். ஒருபுறம் நிற்கும் ஆளும் மறுபுறம் உட்கார்ந்த ஆளும் தெரிந்தால் சோழர் பெட்டி. எதிலும் சேராதவை 'கண்காணிப்பில்' என்ற பெட்டிக்குப் போயின. மூன்று மட்டும் மோட்டார் வாஷர் என்று தெரியவந்தது. அவற்றுக்கும் உறை உண்டு.

உதவுவதாக நினைத்து நான் ஒரு தவறு செய்தேன். அக்கா வங்கிக்குப் போயிருந்தபோது, ஒன்பது காசுகளைப் புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் தேய்த்துவிட்டேன். பளபளத்தன. மிச்சமிருந்த உருவங்களும் போயின.

"இன்னாடா பண்ணிக்கினு இருக்கிற?"

"அழுக்கு ஜாஸ்தியா இருந்துச்சிக்கா."

"அது அழுக்கு இல்லடா. அதான் அதுங்க மூஞ்சி."

ஒன்பது உறைகளிலும் 'தம்பி தேய்த்தது' என்று எழுதினார். இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

என் கையில் சிக்காமல் தப்பியது, அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருந்த ஒரு சதுரச் செப்புக் காசு. அதைக் காட்டுவதற்காகத்தான் மீண்டும் பேசினார். அந்தக் காலத்தில் நம் பக்கத்தை ஆண்ட மலையமான்களின் காசில் குதிரை இருக்குமாம்.

"குதிர தெரியுதா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "நாய் மாதிரி இருக்குதுக்கா."

"வால பாருடா."

"நாய்க்கும் வால் இருக்குது."

அக்காவின் கணவரான மாமாவும் நாய் என்றார். என் மனைவி ஆட்டுக்குட்டி என்றாள். வீட்டுக்கு வந்த உறவினர் அனைவரிடமும் அக்கா காசை நீட்டினார். இதைப் படிக்கும் உறவினர்களே, உங்களில் பெரும்பாலோர் நாய்ப் பக்கம்தான்.

சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் சேர்ந்த பிறகு, அக்கா அந்தக் காசை ஓய்வுபெற்ற அருங்காட்சியக அதிகாரி ஒருவரிடம் காட்டச் சொன்னார். பின்பக்கம் முழுக்கப் பச்சைக் களிம்பு. என் புளிக்குப் பயந்து, அக்கா அந்தக் களிம்பை யாரையும் தொடவிட்டதில்லை. அதிகாரி பொறுமையாகக் களிம்பை எடுத்துவிட்டு, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவைத்துப் பார்த்தார்.

"வளைஞ்சு போற கோடு, ஓடுற ஆறு. மேல இருக்கிறது மலை. ரெண்டும் இருந்தா மலையமான் காசுங்க. முன்பக்கம் குதிரைதான்."

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"என்னாண்ட ஏன் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. மாமாவாண்ட சொல்லு."

சொன்னேன். பிறகு உறவினர் எட்டுப் பேருக்குப் போன் போடவைத்தார். ஒவ்வொரு முறையும் நான் "குதிரதாங்க" என்று சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதற்கு ஐந்தாம் நாள் காலை எங்களை விட்டுப் பிரிந்தார்.

அவர் விருப்பப்படி காசுகள் அனைத்தையும் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிட்டோம். சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மலையிலிருந்து வந்து இரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், சலிக்காமல் எடை பார்த்துச் சொன்ன நகைக்கடைக்காரருக்கும், அந்த அதிகாரிக்கும் எங்கள் நன்றி. அக்காவைப் பார்க்க வந்து, கட்டிலருகே நின்று நாய் என்றே சாதித்த உறவினர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். உங்களோடு சண்டை போடுவதற்காகத்தான் அவர் எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த நாட்களில்தான் இரண்டு வாய் சாப்பிட்டார்.

இப்படிக்கு,
தம்பி