குற்றியின் மறுமுனை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைக் கேட்டு நீங்களும் எழுந்து போகலாம், எனக்குக் கோபமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஏறாவூரில் ரயில் பாதைக்கும் வாவிக்கும் இடையில், மரம் அறுத்து விற்கிற ஒரு மரக்காலையில் வேலை செய்கிறேன். ஒரு காலத்தில் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டை அறுத்த இடம் என்பார்கள். இப்போது கதவு, நிலை, கட்டில் சட்டம். பூச்சி அரிக்காமலிருக்க மரக்குற்றிகளை வாவியில் ஊறப்போட்டு, பிறகு கரைக்கு இழுத்து அறுப்போம். வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கத்து மரமென்றால் பயம் உண்டு. சண்டைக் காலத்துச் சன்னமோ ஷெல் துண்டோ உள்ளே கிடந்து வாளில் பட்டால், உடைகிற வாள் ஆளைத்தான் முதலில் தேடும். அதனால் பாதிக் குற்றி தண்ணீரில் இருக்கும்போதே நான் கரையில் நின்று கோடரிப் பிடங்கால், அதன் மொட்டைப் பக்கத்தால், தட்டுவேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று மறுமுனையில் காது வைத்துக் கேட்பவன் மைக்கல். சத்தம் சுத்தமாக வந்தால் அவன் திருப்பி இரண்டு தட்டுத் தட்டுவான், வராவிட்டால், உள்ளே இரும்பு என்று, ஒரு தட்டு. பிறகு நான் குற்றியைக் கட்டிய கயிற்றைக் கரையில் இறுக்கிவிட்டு, "கட்டியாச்சு, ஏறுகா" என்று கூப்பிட வேண்டும். கூப்பிடும்வரை அவன் அசையமாட்டான். குற்றி உருண்டால் கால் போய்விடும்.

மைக்கல் பறங்கித் தச்சுக் குடும்பத்துப் பிள்ளை. கலியாணம் கட்டாத எனக்கு, வாய் திறந்து பேசக் கிடைத்த ஒரே ஆள். போன மாரியில் காய்ச்சல் வந்து ஆசுபத்திரியில் செத்துப்போனான். அதற்குப் பிறகு மத்தியானச் சோறும் தனியாகத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை முதலாளியும் மற்றவர்களும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். பின்னேரம் மரம் வாங்க ஆள் வருமுன் ஒரு முதிரைக் குற்றியை அறுத்து வைக்கச் சொல்லியிருந்தார். பழக்கதோஷம், மறுமுனையில் ஆளில்லை என்பதையே மறந்து தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் ஞாபகம் வந்து கோடரியைத் தாழ்த்தினேன்.

ஒரு தட்டு வந்தது.

ரயில் அதிர்வு என்பீர்கள். ரயில் போய் எவ்வளவோ நேரம். எட்டிப் பார்த்தேன். வாவியில் அலையே இல்லை, குற்றியின் முனையருகில் மட்டும், ஒருவன் கால் ஊன்றி நின்றால் கலங்குமே, அப்படிச் சேறு கலங்கியிருந்தது. போட்டது போட்டபடி ஓடிவிட்டேன்.

முதலாளி, "ஒனக்கு வெயில் ஏறிட்டு போல" என்றார். ஆனாலும் வாளில் வைக்கவில்லை, ஆப்பு வைத்துப் பிளக்கச் சொன்னார். உள்ளே உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு.

நம்பினால் நம்புங்கள், அவன் வந்ததில் எனக்குப் பயமில்லை, சந்தோஷம்தான். என்னைத் தின்பது வேறு. அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் நான் அவனைக் கூப்பிடவே இல்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் போனதும் கரையில் நின்று, "கட்டியாச்சு மைக்கல், ஏறுகா" என்று கூப்பிடுகிறேன். யாரும் ஏறி வருவதில்லை. அந்த இடத்துச் சேறு மட்டும் இன்னும் தெளியவில்லை.