இறந்தவரின் மெயில் பெட்டி

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் சொல்லிவருகிறார். நான் மறுத்ததில்லை. ஆனால் ஒரு பழைய மெயில் சர்வரை மாற்றுகிற வேலையில், யாருக்கு மெயில் வேண்டும் யாருக்கு வேண்டாம் என்று நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து தீர்மானித்ததை அவர் பார்த்திருந்தால் அவருக்கும் வந்திருக்கும்.

திருவனந்தபுரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பயிற்சி நிலையத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அங்கிருந்த மெயில் சர்வர் பழசு. அதைச் செய்த கம்பெனியே, இனி இதற்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது என்று அறிவித்துக் கையைக் கழுவிவிட்டது. புதிய பதிப்புக்கு மாறவேண்டும் என்று கோப்பு எழுதி அனுப்பினேன். டைரக்டர் "நோக்காம்" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்குப் பார்க்க மாட்டேன் என்றுதான் அர்த்தம். மழைக்காலத்தில் கரண்ட் போய்வரும்போதெல்லாம் சர்வர் படுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மறுநாள் மறுபடி ஒரு கோப்பு. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கடைசியில் எப்படி அனுமதி கிடைத்தது தெரியுமா? டைரக்டருக்கு ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்கிலிருந்து அழைப்பு வரவேண்டியிருந்தது. எங்கள் சர்வர் பழசு, நம்ப முடியாது என்று அந்த ஊர் சர்வர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அழைப்பு வந்து சேரவில்லை. அந்த வாரமே கோப்பில் கையெழுத்து விழுந்தது. எங்கள் வகுப்புகளுக்கு விண்ணப்பித்த எத்தனையோ பிள்ளைகளின் கடிதங்கள் இப்படித் திரும்பிப் போயிருக்கின்றன. அப்போதெல்லாம் யாருக்கும் வலிக்கவில்லை. தன் காலில் முள் குத்தினால்தான் அது முள்.

புதிய பதிப்பில் ஒரு விஷயம் உண்டு. பழையதில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் மெயில் பெட்டி திறந்து கொடுக்கலாம். புதியதில் பெட்டிக்கு ஓர் உரிமம் வாங்கவேண்டும். எங்கள் ஆட்கள் தேவைக்குக் குறைவாகத்தான் வாங்கினார்கள். ஆகவே யாரை விடலாம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள்.

அலுவலக மேனேஜர் இந்த நகரத்திலேயே ஆரியசாலைப் பகுதிக்காரர், தமிழர். மற்றவர்களிடம் மலையாளம் பேசுவார், என்னிடம் தமிழ். ஒரே பாஷைக்காரி என்ற உரிமையில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவார். பட்டியலைப் பார்த்த உடனே சொன்னார்:

"டிரைவர், ஸ்வீப்பர், கேன்டீன், இவங்களுக்கு என்னத்துக்கு மெயிலு? பின்னே, சட்டினி அரைக்கதுக்குப் பாஸ்வேர்டு வேணுமோ?"

அதையே டைரக்டருக்காக மலையாளத்திலும் ஒருமுறை சொன்னார். டைரக்டர் சிரித்தார். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. இந்த முகவரிகளை அந்த ஊழியர்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை. சில வருடங்களுக்கு முன்பு, கடைசி ஊழியர் வரைக்கும் மெயில் என்று நிறுவனமே விழா எடுத்தது. விளக்கு ஏற்றி, ஒவ்வொருவரையும் மேடைக்குக் கூப்பிட்டு, மெயில் முகவரி அச்சடித்த அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிப் படம் பிடித்தார்கள். அந்தப் படம் வரவேற்பறைச் சுவரில் இன்னும் தொங்குகிறது. இதைச் சொன்னேன்.

"அது அப்போ, கேட்டோ," என்றார் மேனேஜர்.

"அப்படியென்றால் ஓய்வு பெற்றவர்களின் பெட்டிகளை எடுங்கள். முன்னாள் தலைவர் காலமாகிவிட்டார். அவருக்குப் பெட்டி எதற்கு?" என்றேன்.

எழவு வீட்டில் சத்தமாகச் சிரித்தவளைப் பார்ப்பதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அது ஒரு மரியாதை," என்றார் டைரக்டர். "அவர் பெயர் இங்கே இருக்கவேண்டும்." அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒன்றுமில்லை. அவருடைய பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து, அவர் காலமான மாதமே குடும்பத்தாரிடம் கொடுத்தாயிற்று. அதன்பிறகு வந்தவை விளம்பரங்களும் புத்தாண்டு வாழ்த்துகளும். செத்தவரை இணையவழிக் கூட்டங்களுக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெட்டிக்கு ஓர் உரிமம் ஒதுக்கினார்கள். தினமும் வண்டி ஓட்டுகிறவருக்கும், கூட்டிப் பெருக்குகிறவருக்கும், சமைத்துப் போடுகிறவருக்கும் இல்லை.

மறுநாள் காலை கேன்டீன் அக்கா டீ கொண்டுவந்தார். ஊரெல்லாம் அவரைச் சேச்சி என்று கூப்பிடும், நான் அக்கா என்பேன். போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். கணவர் இல்லை. ஒரே மகளை வைத்துக்கொண்டு நகரத்தில் வாடகை அறை மாற்றி மாற்றிக் குடியிருக்கிறார். டீயை வைத்துவிட்டு வழக்கம்போல் போகாமல் நின்றார்.

"மேடம், எங்க மெயிலக் கட் பண்ணப் போறதாச் சொல்லுதாவளே, உள்ளதா?"

"ஆமாக்கா. வர்ற ஞாயித்துக்கிழமை."

"அப்போ பிள்ளைக்க சீட்டு?"

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, குமரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் நர்சிங்குக்கு விண்ணப்பித்திருக்கிறாள். விண்ணப்பத்தில் கொடுத்த முகவரி அம்மாவின் ஆபீஸ் மெயில். இடம் கிடைத்தால் அந்த முகவரிக்குத்தான் தகவல் வரும். அங்கிருந்தே உடனே சம்மதம் எழுதி அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். விண்ணப்பம் முடிந்தபிறகு முகவரியை மாற்ற முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

"வேற மெயில் ஒண்ணும் இல்லியாக்கா?"

"போன் வாங்கினப்போ கடைக்காரன் ஏதோ ஒண்ணு போட்டுத் தந்தான். அதுக்க பேரும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. வீட்டு அட்ரஸ் வருசத்துக்கு ஒண்ணு மாறுது. மாறாம இருந்தது இந்த மெயில் மட்டும்தான். கார்டுல அடிச்சுத் தந்ததுல்லா? இது போவாதுண்ணு நெனச்சுட்டேன்."

அட்டையில் அச்சடித்துக் கொடுத்ததை நம்பியிருக்கிறார். நம்பினது அவர் தப்பா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டீயைக் குடிக்காமலேயே மேனேஜரிடம் போனேன். இந்த ஒரு பெட்டியை மட்டும், சீட்டு விவகாரம் முடிகிற வரைக்கும் விட்டுவைக்கலாம் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சத்தான் செய்தேன்.

"ஒருத்தருக்கு எடம் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்க, மேடம். டிரைவர் நாளைக்கு வந்து நிப்பான். ஜிமெயில் வச்சுக்கச் சொல்லுங்க."

முகவரியை மாற்ற முடியாது என்பதை மறுபடி விளக்கினேன். "அது அவங்க பாடு," என்றார். டைரக்டரிடம் போனேன். முழுவதும் கேட்டார், தலையை ஆட்டினார், கடைசியில் "நோக்காம்" என்றார்.

வெளியே வந்து வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு பெண்பிள்ளையின் படிப்பு, ஒரு தாயின் இத்தனை வருட உழைப்பு, எல்லாம் ஒரு மெயில் பெட்டியில் வந்து நிற்கிறது. அந்தப் பெட்டியைத் திறந்து மூடுகிறவள் நான். எனக்கு அதிகாரம் இல்லையாம்! அப்போதுதான் தோன்றியது. ஒரு பெட்டிக்கு இரண்டாவதாக ஒரு முகவரியும் வைக்கலாம், அதற்கு உரிமம் வேண்டாம். அக்காவின் முகவரியை முன்னாள் தலைவரின் பெட்டியோடு சேர்த்துவிட்டால், அந்த முகவரிக்கு வருவதெல்லாம் அவர் பெட்டியில் வந்து விழும். வெறும் வீடுதானே, இருந்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கே செய்தேன், ஒரு துளி குற்ற உணர்ச்சியும் இல்லை. அக்காவின் போனில் அந்தப் பெட்டியை வைத்துக் கொடுத்தேன்.

"பெரிய சார் பெட்டியா?" என்று பயந்தார். "கோவிச்சுக்க மாட்டாவளா?"

"இருந்தப்போ எப்படி?"

"நல்ல மனுசன். டீ நல்லாருந்தா சொல்லிட்டுத்தான் போவாரு."

"அப்போ ஒண்ணும் சொல்ல மாட்டார். ஆனா ஒண்ணு, தகவல் வந்தா நீங்க பதில் போடாதீங்க. எங்கிட்ட வாங்க, நான் பார்த்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பழைய சர்வரை நிறுத்திப் புதியதை ஓடவிட்டேன். எல்லாம் ஒழுங்காக வந்தது. மறுவாரம் அதற்கு ஒரு 'ஸ்விட்ச் ஆன் கர்மம்' வைத்தார்கள், மலையாளத்தில் தொடக்க விழாவுக்கு அப்படிப் பெயர். சர்வர் நாலைந்து நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதை டைரக்டர் மவுஸை அழுத்தித் தொடங்கிவைக்க வேண்டுமாம். நிலவிளக்கைச் சர்வர் அறைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். நெருப்பை இங்கே ஏற்றினால் நான் வீட்டுக்குப் போகிறேன் என்று கத்தினேன், வராந்தாவில் வைத்தார்கள். மாலையில் வைத்திருந்த விழாவைக் காலைக்கு மாற்றியிருந்தார்கள். மவுஸை அழுத்தியாயிற்று, கை தட்டியாயிற்று, டீயும் பருப்பு வடையும் வரவில்லை. அக்கா பாதி வடையோடு அரக்கப்பரக்க ஓடிவந்தார். விருந்தினர் எல்லோர் முன்னாலும் மேனேஜர் கேட்டார்:

"காலைக்கு மாத்தியாச்சுண்ணு வேலையில உள்ள எல்லாருக்கும் மெயில் போட்டதுதானே? பாக்கலியா?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு சத்தம் வந்ததோ! "எந்த மெயிலில் பார்க்கணும் சார்? நீங்கள் பிடுங்கிக்கொண்ட மெயிலிலா?" என்று கேட்டேன். டைரக்டருக்கும் விளங்கட்டும் என்று மலையாளத்தில் கேட்டேன். அவர் விளக்குத் திரியைச் சரிசெய்யத் தொடங்கினார். விருந்தினர்கள் வடையைப் பார்த்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு டீ ஊற்றினார். அன்றைக்கும் யாரும் எதையும் மாற்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தகவல் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. மகள் அம்மாவின் போனில் பார்த்திருக்கிறாள். பதில் போடக்கூடாது என்று நான் சொன்னது அந்த மகிழ்ச்சியில் யாருக்கு நினைவிருக்கும்? சம்மதம் என்று அவளே எழுதி அனுப்பிவிட்டாள். இரண்டாவது முகவரிக்கு வந்த கடிதத்துக்குப் பதில் போட்டால், பெட்டிக்குச் சொந்தக்காரரின் பெயரில்தான் போகும். கடிதத்தின் அடியில் அவருடைய பதவியும் தானாகவே சேர்ந்துகொள்ளும். ஆக, எங்கள் மறைந்த தலைவர், தமக்கு நர்சிங் படிக்க இடம் கொடுத்ததற்கு நன்றி தெரிவித்து, திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்வதாக எழுதியிருந்தார்.

கல்லூரியிலிருந்து எங்கள் ஆபீஸுக்குப் போன் வந்தது. விண்ணப்பித்த முகவரியிலிருந்து இன்று சாயங்காலத்துக்குள் சம்மதம் வராவிட்டால் இடம் ரத்து என்றார்கள். போனை எடுத்தவர் மேனேஜர். கொஞ்ச நேரத்தில் டைரக்டர் அறையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"மறைந்த பெரியவரின் பெயரைக் கெடுத்துவிட்டீர்களே!" என்று டைரக்டர் குதித்தார். "பத்திரிகைக்காரன் காதுக்குப் போனால் என்ன ஆகும்? சிரிக்க மாட்டானா?"

"சிரிப்பான்," என்றேன். "எனக்கு மெமோ கொடுங்கள், வேலையை விட்டுக்கூட அனுப்புங்கள். ஆனால் முதலில் அந்த அக்காவின் பெட்டியைக் கொடுங்கள். அதிலிருந்து பதில் போனால் கல்லூரி வாயை மூடிக்கொள்ளும். போகவில்லையென்றால், ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் விவரமாகச் சொல்லுவேன்."

டைரக்டர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். இந்தமுறை 'நோக்காம்' வரவில்லை. "சாருடைய பெட்டியை எடுத்துவிடுங்கள். அந்த உரிமத்தைக் கேன்டீன் சேச்சிக்குப் போடுங்கள். இப்போதே," என்றார்.

என் இடத்துக்குத் திரும்பி அதைச் செய்ய எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நிம்மதி வந்திருக்கவேண்டும், வரவில்லை. கோபம்தான் இரட்டிப்பாக வந்தது. உயிரோடிருக்கிற ஒரு பெண்ணின் படிப்பு போய்விடும் என்று நான் கெஞ்சியபோது அசையாத ஆட்கள், செத்தவரின் பெயர் கெட்டுவிடும் என்றதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். மரியாதை, மரியாதை என்றார்களே, அதை எடுக்கவும் அவர்களுக்கு ஒரு கணம் போதுமாக இருந்தது. எனக்கு மெமோ மறுநாள் வந்தது. அதையும் மெயிலில்தான் அனுப்பினார்கள்.

அன்று பெட்டி தயாரான கையோடு அக்காவைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்காரவைத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டி, தன் பெயரில் பதில் அனுப்பினார். கல்லூரிக்கு நானே போன் செய்து, கிடைத்துவிட்டது, இடம் உறுதி என்று அவர்கள் சொன்னதை, போனை அவர் காதில் வைத்துக் கேட்கவைத்தேன். அவர் அழுதார். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது?

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர் வாசல்வரைக்கும் போய்த் திரும்பி நின்றார்.

"மேடம், பெரிய சார் செத்ததுனால எனக்கு எடம் கிடைச்சுது. டிரைவர் அண்ணனுக்கும் தூத்துப் பெருக்குத அக்காவுக்கும் இனி யாரு சாவணும்?"