ரங்கூனில் தங்க எனக்கு அனுமதி மறுத்தார்கள்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, நான் இண்டூர் சலோமி. எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் ஒரே மகள் எஸ்தரை பர்மாவில், ரங்கூனில் வேலை பார்த்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தேன். மருமகன் பெயர் ஏசுதாஸ். அங்கே ஓர் அரிசி ஆலையில் இருந்தார். இரண்டு முறை கரு கலைந்தபின் எஸ்தர் மறுபடியும் உண்டாகியிருந்தாள். "அம்மா, நீ பக்கத்துல இருந்தாத்தான் எனக்குத் தைரியம்" என்று சொல்லியனுப்பினாள்.

அது 1941ஆம் ஆண்டு. பர்மாவுக்குப் போக அப்போதுதான் புதுச் சட்டம் வந்திருந்தது. முன்போல நினைத்தவுடன் கப்பலேற முடியாது. பர்மிட் வேண்டும். சொந்தபந்தத்தைப் பார்க்கப் போகிறவர்கள் மூன்று மாதம்தான் தங்கலாம் என்றார்கள். திரும்பி வருகிற டிக்கெட்டையும் முன்கூட்டியே எடுத்துக் காட்டச் சொன்னார்கள். எல்லாம் செய்தேன். மொரப்பூரில் ரயிலேறி, சென்னையில் கப்பலேறிப் போய்ச் சேர்ந்தேன்.

நான் நினைத்ததைவிடப் பிந்தித்தான் பிரசவமானது. பேரன் பிறந்தான். ஆனால் எஸ்தருக்குக் காய்ச்சல் விடவே இல்லை. பாலும் சுரக்கவில்லை. எழுந்து உட்காரவே ஆள் பிடிக்க வேண்டும். எனக்கோ புறப்படும் நாள் நெருங்கிவிட்டது.

உபவாசமிருந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, இன்னும் ரெண்டே மாசம்" என்று தரையில் விழுந்து கேட்டேன். பிறகு மருமகனோடு பர்மிட் ஆபீசுக்குப் போனேன். அங்கே ஒரு தமிழ்க் குமாஸ்தா இருந்தார்.

"பச்ச ஒடம்புக்காரிய எப்படிங்க உட்டுட்டுப் போவேன்? கொஞ்சம் தயவு பண்ணுங்க" என்றேன்.

அவர் உள்ளே போய் அதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"முடியாதுங்கறாரும்மா. டிக்கெட்டுல இருக்கற கப்பல்லயே ஏறிடணுமாம். தங்கினா அவங்களே புடிச்சு ஏத்திருவாங்க."

என் தலையில் இடி விழுந்தது. இவ்வளவு ஜெபித்தும் இதுதானா பதில்? எனக்கு அழக்கூட வரவில்லை.

அப்போது மருமகன் சொன்னார்: "அத்த, எஸ்தரையும் கொழந்தையையும் உங்களோட கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

குமாஸ்தா தடுத்தார். "அவங்க போனா திரும்பி வரத் தனி பர்மிட் வேணுங்க. கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது எஸ்தர் போக மறுத்தாள். "போனா உங்கள எப்பங்க பாப்பேன்?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உசுரோட இருந்தாத்தான பாக்க முடியும்? அத்தையோட போ" என்றார் அவர். அவளைத் தூக்கித்தான் கப்பலில் ஏற்றினோம். வழியில் பிள்ளை பசியில் கதறியபோது, கைக்குழந்தையோடு வந்த ஒரு தெலுங்குக்காரப் பெண் தன் பாலைக் கொடுத்தாள். அவளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

ஊர் வந்து எஸ்தர் தேறத் தொடங்கினாள். கிறிஸ்துமஸ் சமயம். நாங்கள் பலகாரத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தோம். போதகர் வேகவேகமாக வந்தார். வாசலில் நின்றபடியே, "ரங்கூன்ல ஜப்பான்காரங்க குண்டு போட்டுட்டாங்களாம்மா" என்றார். எஸ்தர் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிட்டாள்.

அதன்பின் மருமகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பொங்கல் போயிற்று. உயிர்த்தெழுந்த பண்டிகையும் போயிற்று. ஊரில் சிலர் எஸ்தரை விதவையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். சபையார் மட்டும் ஜெபத்தை விடவில்லை.

கடும் வெயில் காலத்தில் ஒரு நாள், தாடியும் புண்ணான கால்களுமாக ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார். எலும்பும் தோலுமாக இருந்தார். பிச்சைக்கு வந்தவர் என்று நினைத்து, "ஆரு வேணுங்க?" என்றேன்.

"அத்த" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து எஸ்தர் ஓடி வந்தாள்.

மருமகன் பர்மாவிலிருந்து காட்டிலும் மலையிலும் நடந்து வந்திருக்கிறார். கூட நடந்தவர்கள் பலர் வழியிலேயே இறந்துபோனார்களாம். சில நாள் கழித்துத்தான் மற்றதைச் சொன்னார். குண்டு விழுந்தபோது அவர் ஆலையில் இருந்தாராம். ஓடிப்போய்ப் பார்த்தபோது நாங்கள் குடியிருந்த வரிசையே இல்லை.

"எஸ்தர் படுத்திருந்த எடத்துல பள்ளந்தான் அத்த இருந்துச்சு."

நான் கேட்ட இரண்டு மாதம் கிடைத்திருந்தால், மூன்று பேரும் அங்கேதான் இருந்திருப்போம்.

பிரசவத்தன்று எங்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைகளோடு இறந்துபோனாள். அவளும் சாமி கும்பிட்டவள்தான். நான் ஏன் பிழைத்தேன், அவள் ஏன் பிழைக்கவில்லை? எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல உங்களிடம் பேச மாட்டேன். இன்றும் அவளை நினைக்காமல் நான் முழங்கால் போடுவதில்லை.

அன்றிலிருந்து என் ஜெபம் மாறிவிட்டது. வேண்டியதைக் கேட்கிறேன். எப்படித் தர வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. கேட்டது கிடைக்காமல் நெஞ்சு கனத்து இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மாரே, அழுகை வந்தால் அழுங்கள். நானும் கப்பல் முழுக்க அழுதவள்தான். ஆனால் அவருடைய கையை மட்டும் உதறிவிடாதீர்கள். அவருக்கே ஸ்தோத்திரம்.