இந்தக் குளிசைக்குப் பெயர் கல்சியம் அல்ல

போன செவ்வாய்க்கிழமை மாமா ஃபோனில் கோல் எடுத்தார்.

"புள்ள, இந்தக் கிழமை மாம்பழத்தப் பத்தி எழுதன்" என்றார்.

இத்தனை வருஷமாக இந்தப் பத்தியை எழுதுகிறேன். ஒரு நாளாவது மாமா எனக்குத் தலைப்பு எடுத்துக் கொடுத்ததில்லை. அவர் பேப்பரில் படிப்பது மரண அறிவித்தலும் ராசிபலனும்தான். அதுவும் அந்த ஒழுங்கில். அப்படிப்பட்ட மனிதருக்கு மாம்பழத்தின் மேல் திடீரென்று ஏன் இந்த அக்கறை?

"என்ன மாமா விஷயம்?"

"ஒண்டுமில்ல. நீ வேற என்னவோ எழுதப் போறயாம் எண்டு கேள்விப்பட்டன். அத விடு. வீட்டு விஷயம் வீட்டுக்குள்ள இருக்கட்டும்."

மாமா, அம்மாவின் அண்ணன். எங்கள் குடியின், அதாவது வம்சத்தின், சார்பில் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கராக முன்னுக்கு நிற்பவர். அவர் வேண்டாம் என்றால் எங்கள் சொந்தத்துக்குள் அது வேண்டாம்தான். கலியாணமோ, காதுகுத்தோ, காணிப் பிரச்சினையோ... எதுவாக இருந்தாலும்.

மாம்பழம் நல்ல பழம். எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தக் கிழமை நான் எழுதப் போவது என் தங்கச்சி சுகந்தியின் வருத்தத்தைப் பற்றி, அதாவது அவளுடைய நோயைப் பற்றி. அவளுடைய அனுமதி இருக்கிறதா என்று கேட்கிறீர்களா? அனுமதி என்ன அனுமதி... "எழுது. என்ர பேரப் போட்டு எழுது" என்று கட்டளையே போட்டுவிட்டாள்.

சுகந்தி தன்னாமுனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு இருப்பது இருமுனை மனநோய். பெயர் பெரிசு, விஷயம் விளங்கக் கூடியது. சில காலம் மனம் கட்டுக்கடங்காமல் மேலே பறக்கும். சில காலம் எழும்பவே முடியாமல் கீழே கிடக்கும்.

முதன்முதல் வந்தபோது அவளுக்கு இருபத்துச் சொச்சம் வயது. நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. விடிய முதலே வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "பிள்ளைகள எழுப்புங்க, கணக்குப் படிப்பிக்கப் போறன்" என்றாள். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பயந்தது நாங்கள். அதற்குப் பிறகு மாதக் கணக்கில் சுவரைப் பார்த்தபடி பாயில் கிடந்தாள்.

வாவிக்கரையில் பேய் அடித்துவிட்டது என்றது ஊர். நூல் கட்டினோம். மந்திரத் தகடு வைத்த அச்சரக்கூடு மாட்டினோம். தெய்வம் ஆடுகிறவரிடம் கொண்டுபோய் இருத்தினோம். மட்டக்களப்பார் மந்திரத்தால் ஆளைப் பாயோடு ஒட்ட வைப்பார்கள் என்று வெளியூர்க்காரர் எங்களைப் பற்றிச் சொல்வது உங்களுக்குத் தெரியும். பாயோடு ஒட்டிக் கிடந்த என் தங்கச்சியை எழுப்பத்தான் ஒரு மந்திரமும் உதவவில்லை!

எழுப்பியது லித்தியம். கல்லிலும் மண்ணிலும் கிடக்கிற ஒரு சாமான். அதை உப்பாக்கி, குளிசையாக்கிக் கொடுக்கிறார்கள். எவ்வளவோ காலமாகப் பாவனையில் இருக்கிற மருந்து. ஆனாலும் அது மூளைக்குள் போய் என்னதான் செய்கிறது என்று முழுதாகத் தெரியாது என்று டொக்டர்மாரே சொல்கிறார்கள். ஒருவருக்கு நன்றாகக் கேட்கும், இன்னொருவருக்குக் கேட்காது. சுகந்திக்குக் கேட்டது. ரத்தத்தில் அளவு கூடிவிடாமல் இடைக்கிடை சோதித்துக்கொண்டு, படிப்பித்துக்கொண்டு, பிள்ளைகளை ஏசிக்கொண்டு நன்றாகவே இருக்கிறாள்.

ஆனால் குளிசையை ஒளித்து ஒளித்துத்தான் போட்டாள். லித்தியத்தை ஒரு கல்சியம் போத்தலுக்குள் கொட்டி வைத்திருந்தாள். கலியாண வீட்டுக்குப் போனால் சாப்பாடு முடிந்த கையோடு பாத்ரூமுக்குள் போய்த்தான் விழுங்குவாள். யாராவது கண்டு கேட்டால், "கல்சியம்." இந்த மாவட்டத்திலேயே பலமான எலும்பு என் தங்கச்சிக்குத்தான் இருக்க வேண்டும்.

ஏன் இந்த ஒளிப்பு? ஒருமுறை சூடுபட்டவள் அவள். அப்பாவின் தங்கச்சி, சித்தாண்டியில் இருக்கிற கனகம் மாமியின் மகனுக்குத்தான் அவளைப் பேசி முடித்திருந்தது. முறை மச்சான். வருத்தம் வெளியே தெரிந்ததும் மாமி ஊரைக் கூட்டி, "அவள்ட தாய்ர குடியில விசர் இருக்கு. அந்தக் குடியில எங்களுக்குப் பொண் வேணாம்" என்று பைத்தியப் பட்டம் கட்டிக் கலியாணத்தை நிப்பாட்டினார். சுகந்தி அதற்குப் பிறகு கலியாணப் பேச்சையே எடுக்க விடவில்லை. நாங்கள் சும்மா இருந்தோமா? "விசர் தகப்பன்ட பக்கத்தால வந்தது" என்று திருப்பிச் சொன்னோம். அன்றிலிருந்து போக்குவரத்து இல்லை. செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் தூரத்தில் நின்று தலையாட்டுவதோடு சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சுகந்தி போகிற கிளினிக்கில் ஒரு ஆராய்ச்சி. இந்த வருத்தம் குடும்பங்களில் எப்படி இறங்குகிறது, லித்தியம் ஏன் ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்குக் கேட்பதில்லை என்று பார்க்கிறார்களாம். வருத்தம் உள்ளவருடைய ரத்தமும் வேண்டும், நெருங்கிய சொந்தங்களின் ரத்தமும் வேண்டும். பெயர் விபரம் ஒன்றும் வெளியே போகாது. அங்கே இருக்கிற டொக்டர், காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை, ஒளிக்காமல் சொன்னார். "இதால ஒங்களுக்கு உடன ஒண்டும் கிடைக்காது டீச்சர். பின்னுக்கு வாறவங்களுக்கு ஏதும் கிடைக்கலாம்."

"என்ர ரத்தத்த எடுங்க" என்று கையை நீட்டிவிட்டாள் சுகந்தி.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். "அக்கா, எனக்குப் பேய் எண்டு ஊர் எழுதி வச்சிருக்கு. இவங்களாவது வருத்தம் எண்டு எழுதட்டும். ஒருக்கா... ஒரே ஒருக்கா எங்கட ஆக்கள் பகல் வெளிச்சத்தில என்ர பக்கத்தில வந்து இருக்கட்டும். வருவாங்களா?"

அவள் என்னிடம் எதையும் கேட்பவள் அல்ல. வேட்டியை மடித்துக் கட்டாத குறையாகக் களத்தில் இறங்கினேன்.

அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. மாமாவிடம் போனேன். "ரத்தம் குடுத்தா குடிக்குக் குத்தம் வரும். மறுகா எங்கட பொம்பிளப் பிள்ளைகள ஆர் எடுப்பான்?" என்று கதவைச் சாத்தினார். சின்னம்மா, அம்மாவின் தங்கச்சி, முதலில் அழுதார், பிறகு சம்மதித்தார். அவருடைய இரண்டு மகள்மாரும் வந்தார்கள். சனிக்கிழமை ஒரு வேன் பிடித்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளினிக்கில் போய் இறங்கினேன். பெரிய சாதனை செய்த நினைப்பு எனக்கு.

டொக்டர் எல்லோரையும் பார்த்தார். "வாப்பாட பக்கத்து ஆக்கள் எங்க அக்கா?"

"அவங்க வேற குடி" என்றேன், விளக்கம் சொல்லுகிற தோரணையில்.

டொக்டர் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். சுகந்தி அடக்கவில்லை. கிளினிக் முழுக்கக் கேட்கச் சிரித்தாள். "அக்கா... பாதிக் கணக்க விட்டுட்டு வந்திருக்காய்!"

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பிறக்கிற பிள்ளைக்குத் தாயின் குடிதான். கோயிலில் மரியாதையும் அந்த வழியில்தான். அதனால் 'எங்கட ஆக்கள்' என்றால் என் தலைக்குள் வருவது தாய்ப் பக்கம் மட்டுமே. பத்தி எழுதுகிற, நாலு விஷயம் தெரிந்த எனக்கே அப்பாவின் ரத்தமும் எங்களுக்குள் ஓடுகிறது என்பது மறந்துபோயிற்று!

"வெக்கப்படாதீங்க அக்கா" என்றார் டொக்டர். "எங்கட ஊர்லயும் குடி இரிக்கி. எங்கட ஆக்களும் உம்மாட பக்கத்த மட்டும்தான் கூட்டிட்டு வாற."

அப்பாவோடு கூடப் பிறந்தவர்களில் உயிரோடு இருப்பது ஒரே ஒருவர். கனகம் மாமி.

மறுநாளே சித்தாண்டிக்குப் போனோம். நான் வேண்டாம் என்றேன். "அடிச்சாலும் பரவாயில்ல, கேட்டுட்டு வருவம்" என்றாள் சுகந்தி. மாமி முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கிளறிக்கொண்டிருந்த உலவாரை கைதவறி நெல்லுக்கு மேலேயே விழுந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சுகந்தி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தன் வருத்தம், ஆராய்ச்சி, ரத்தம். கடைசியில் கைப்பையைத் திறந்து அந்தக் கல்சியம் போத்தலை எடுத்துக் காட்டினாள். "இதுதான் மாமி நான் போடுற குளிசை. இது கல்சியமில்ல."

மாமி போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார். வெளியே வந்தபோது அவர் கையிலும் ஒரு போத்தல். அதிலும் கல்சியம் என்றுதான் எழுதியிருந்தது. மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினார். அதே குளிசை.

"என்ர புருசனுக்குக் கூடச் சாகுமட்டும் தெரியா" என்றார். "இஞ்ச எடுத்தா ஆரும் காணுவாங்க எண்டு பொலன்னறுவைக்கு பஸ் ஏறிப் போய் எடுக்கிறன். முழங்கால் நோவு எண்டு சொல்லிட்டுப் போறன்."

எத்தனை கலியாண வீடுகளில் இந்த இரண்டு பேரும் மாறி மாறிப் பாத்ரூமுக்குப் போயிருப்பார்கள்!

முதலில் வெடித்தது சுகந்தி. இருபது வருஷத்துக்கு மேல் அடக்கி வைத்த கோபம். "இந்தக் குளிசையப் போட்டுக்கொண்டா மாமி எனக்கு விசர் எண்டு ஊரக் கூட்டிச் சொன்னீங்க?"

"ஓம்" என்றார் மாமி. பொய் சொல்லவில்லை. "உன்னக் காட்டினா என்னை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க எண்டுதான் சொன்னன். பயம் புள்ள. உன்னக் கண்டா எனக்கு என்னையே கண்ட மாதிரி."

சுகந்தி அழுதாள். மாமியும் அழுதார். நானும்தான், சும்மா எழுத்தில் மறைப்பானேன். இடையில் கோழிகள் வந்து நெல்லைப் பதம் பார்த்தன. விரட்ட ஆளில்லை.

ரத்தம் கொடுக்க மாமி சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. "நான் பின்வாசலால வாறன். சனத்துக்கு முன்னால அந்தக் கிளினிக்கில இரிக்க என்னால ஏலா."

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "முன்வாசலால வாறதெண்டா வாங்க மாமி. இல்லாட்டி உங்கட ரத்தம் எனக்கு வேணாம்."

அடி பாவி, கிடைக்கவிருந்ததையும் கெடுத்துவிட்டாளே என்று பஸ்ஸில் வரும்போது திட்டினேன். "ஒளிச்சுக் குடுக்கிற ரத்தம் டொக்டருக்குப் போதும் அக்கா. எனக்குப் போதாது" என்றாள். மாமியை மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். "அது வேற கணக்கு" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் கிளினிக் வாங்குப் பலகையில் காத்திருந்தோம். வரிசை குறைந்துகொண்டே வந்தது. மாமியைக் காணவில்லை. சுகந்தி வாசலைப் பார்ப்பதும், பார்க்காத மாதிரி ஃபோனை நோண்டுவதுமாக இருந்தாள். நான் மனதுக்குள் மாமியை என்னென்னவோ சொல்லித் திட்டிவிட்டேன். அச்சில் போட முடியாது.

ஒருவழியாக வாசலில் ஒரு சத்தம். "மனநோய்க் கிளினிக் எது தம்பி? இதுதானா? வடிவாச் சொல்லுங்க!"

திருவிழாவுக்கு உடுக்கிற பட்டுச் சாறி. தலையில் பூ. முன்வாசலால், நடுவாசலால், சித்தாண்டி பஸ்ஸில் கூட வந்த அத்தனை பேரும் கேட்கிற குரலில் மாமி வந்தார். மருந்து எடுக்க வந்திருந்த சனம் முழுதும் திரும்பிப் பார்த்தது. அதில் எங்கள் கோயில்காரரும் இரண்டு பேர். மாமி அவர்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே வந்து சுகந்திக்குப் பக்கத்தில் நெருக்கி இருந்தார்.

கொப்பியோடு வந்த நேர்ஸ் கேட்டார். "ஆருக்கம்மா வருத்தம்?"

"எனக்கு. இவளுக்கும்."

"நீங்க இவக்கு என்ன முறை? தாய்ப் பக்கமா?"

மாமி சுகந்தியின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வண்ணக்கர்மார் கேட்டால் மயக்கம் போட்டு விழுகிற ஒரு வசனத்தை, கோயில்காரர் இருவருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எழுதுங்க புள்ள... நாங்க ரெண்டு பேரும் ஒரே குடி."

மன்னிக்க வேண்டும் மாமா. மாம்பழத்துக்கு இது சீசன் இல்லை.