ஜொஹரா அக்கா வரக்கூடாது என்று ஜெபித்தேன்

அந்தப் பெட்டி கத்த ஆரம்பித்தபோது நான் ஜெபத்தில் இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. கடையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தேன். போன தை மாதம், முகூர்த்த நாள். என் கணவர் சாமுவேல் கேமராவைத் தூக்கிக்கொண்டு விடியுமுன்னே ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கல்யாணம் எடுக்கப் போய்விட்டார்.

எங்களுக்கு விருத்தாசலத்தில் வீடியோ கடை. பக்கத்தில் பீங்கான் பட்டறை, எந்நேரமும் வெள்ளைத் தூசி. எடுக்கிற படமெல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் போகும். அதில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவதை மென்பொருள் அப்படியே மற்றதிலும் எழுதும். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறதே என்ற தைரியத்தில் வேறெங்கும் நகல் வைக்கவில்லை. அன்றைக்கு ஒன்று போய்விட்டது. ஏழில் முடியும் எண்ணுள்ள டிஸ்க் செத்துவிட்டது என்று திரை சிவப்பாகக் காட்டியது. மற்றதும் அதனோடு சேர்த்து வாங்கியதுதான். அது எத்தனை நேரம் தாங்கும்?

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் ஜொஹரா அக்கா.

மங்கலம்பேட்டை ஜொஹரா அக்காவின் மகள் நிக்காஹை நாங்கள்தான் எடுத்தோம். அவர் கணவர் அதற்காகவே துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். "அவசரமில்ல தம்பி, அடுத்த லீவுல வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அங்கேயே மாரடைப்பில் இறந்தார். அடக்கமும் அங்கேயே. அக்கா கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை. அவர் நடப்பதும் பேசுவதும் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் மிச்சமிருந்தது. கணவருக்காக இத்தா என்ற துக்க காலம் இருந்து வீட்டுக்குள்ளேயே கிடந்த அக்கா, அது முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த வாரம்தான் முடிந்திருந்தது.

பென் டிரைவில் ஏற்றிவிடலாமே என்பீர்கள். மணிக்கணக்கான படம், கையிலிருந்த எதிலும் கொள்ளாது. ஒரு பகுதியையாவது ஏற்றலாம் என்று அந்தப் பதற்றத்தில் தோன்றவே இல்லை. கடலூரிலிருந்து பஸ்ஸில் புது டிஸ்க் வந்து சேரும்வரை வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். உட்கார்ந்து ஜெபிக்க எனக்கு எப்போதும் வராது. நடந்துகொண்டே கேட்டது இதுதான்: "ஆண்டவரே, இத மாத்தி முடிக்கற வரைக்கும் ஜொஹரா அக்கா இந்தப் பக்கம் வரவே கூடாது."

டிஸ்க் வந்தது. சாமுவேலுக்குப் போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம்.

"பொட்டி முன்னாடி ஒவ்வொரு டிஸ்க் எடத்துலயும் அதோட கடைசி நம்பர எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருக்குது பாரு. ஏழுன்னு இருக்கறத உருவிட்டு புதுச சொருவு. பயப்படாத."

"மாத்தி உருவிட்டா?"

"அதான் எழுதியிருக்குதே!"

யாரும் வந்து தொந்தரவு செய்யாமலிருக்க ஷட்டரைப் பாதி இறக்கினேன். ஏழின் மேல் கை வைத்தேன்.

"எஸ்தரு, இருக்கியாம்மா?"

ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தவர் ஜொஹரா அக்கா.

எனக்கு ஆண்டவர் மேல் கோபமே வந்தது. கேட்டது ஒன்றே ஒன்று, அதுவும் இல்லையா?

"ஒரே ஒருவாட்டி அவரு பேசறத கேட்டுட்டுப் போயிடறேம்மா" என்றார். நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. படத்தை ஓடவிட்டேன்.

பந்தியில் அந்த பாய், அக்காவின் கணவர், வாளியோடு நிற்கிறார். கேமரா அவர் பக்கம் திரும்புகிறது. "என்ன ஏங்க எடுக்கறீங்க? புள்ளய எடுங்க!" என்று சிரிக்கிறார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பார்க்கமுடியாமல் நான் தலையைத் திருப்பினேன். திருப்பிய இடத்தில் பெட்டி.

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் முன்னால் ஒரு பச்சை விளக்கு உண்டு. வேலை செய்கிற டிஸ்க்கின் விளக்கு துடிக்கும். ஏழு என்று ஒட்டியிருந்த விளக்கு படபடவென்று துடித்தது. மற்றது அசையவில்லை.

செத்துவிட்டது என்று நான் உருவ இருந்ததுதான் உயிரோடு இருந்தது. பாயின் குரல் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஓடும்போதே அதை உருவியிருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுப்போயிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தபோது தூசி தட்ட இரண்டையும் வெளியே எடுத்து, இடம் மாற்றிச் சொருகியிருக்கிறோம்; ஸ்டிக்கர் மட்டும் பழைய இடத்திலேயே இருந்துவிட்டது. இடம் மாறினாலும் மென்பொருள் அடையாளம் கண்டுகொள்ளும், அதனால் எங்களுக்குத் தெரியவே இல்லை. படத்தை நிறுத்திவிட்டு, விளக்கு துடிக்காததை உருவினேன். அதன் முதுகில் இருந்த எண் ஏழில் முடிந்தது.

புதியதைச் சொருகி, நகலெடுக்கச் சொன்னேன். மெதுவாக ஏறியது. கரண்ட் போய்விடுமோ, பழையது பாதியில் நின்றுவிடுமோ என்று மறுபடி நடை. விஷயத்தைச் சொன்ன பிறகும் அக்கா போகவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டியபடி உட்கார்ந்திருந்தார். "செத்த ஒக்காரேம்மா, ஒன்னப் பாத்து எனக்குத் தல சுத்துது" என்றார். சிரித்துவிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தே ஜெபித்தேன். பொழுது சாய்வதற்குள் முழுதும் ஏறி முடிந்தது.

என் ஆண்டவருக்கு ஆயிரம் ஸ்தோத்திரம். இப்போதெல்லாம் எந்தப் படத்துக்கும் வீட்டில் தனியாக ஒரு நகல் உண்டு. யாருடைய படத்தையும் கடையில் தூங்கவிடுவதில்லை. ஜெபமும் மாறிவிட்டது. இப்படிச் செய்யும், அப்படிச் செய்யும் என்று அவருக்கு நான் வேலை சொல்லிக்கொடுப்பதில்லை.

அன்றைக்கு நான் கேட்டதை அவர் தந்திருந்தால், அந்தக் குரலை என் கையாலேயே பிடுங்கிப் போட்டிருப்பேன். கேட்டது கிடைக்கவில்லையே என்று கலங்கி இதைப் படிக்கிறவர்களே, நீங்களும் அவரை நம்புங்கள். வேண்டாம் என்று நீங்கள் ஜெபித்த ஆள் வாசலில் வந்து நின்றால், ஷட்டரைத் தூக்கி உள்ளே கூப்பிடுங்கள்.