அவளுக்கு மட்டும் ஏன் கூடுதல் கூலி?

திருவொற்றியூரில் பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். பாவாடை வெளுத்துவிட்டது என்று என் மகளைப் பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்து மெஷினில் தைக்கும் நசீமாவின் மகளோ புதுப் பாவாடையில் போனாள். நசீமாவுக்குச் சட்டைக்கு இரண்டு ரூபாய் என்னைவிட அதிகம். எனக்கு வயிறு எரிந்தது.

"அவ மட்டும் இன்னாண்ணா ஒசத்தி?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே கூலிதான்" என்றார். மகிழ்ந்து போனேன்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போதுதான், முதலாளி என் கூலியை ஏற்றாமல் அவளுடைய கூலியை என் அளவுக்குக் குறைத்திருப்பது தெரிந்தது.

"யாரோ போட்டுக் குட்த்துட்டாங்கக்கா" என்று நசீமா அழுதாள்.

"நான்தான்டி" என்றேன். அவள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அடுத்த ஆண்டு பள்ளி திறக்கும் சமயம், கடையில் ஆர்டர் குவிந்த நெருக்கடியில், முதலாளியிடம் கூலி கேட்க நானே வலியப் போய் அவளை அழைத்தேன். சேர்ந்து கேட்டோம். அவளுடைய பழைய கூலி இருவருக்கும் கிடைத்தது.

பொறாமை இன்னும் வரத்தான் செய்கிறது. ஆனால் கூலி கேட்க இப்போது தனியாகப் போவதில்லை.