வாய் திறக்காத காரியதரிசி

அறுபதுகளின் நடுப்பகுதி. தர்மபுரத்துக்கு அப்பால் ஒரு குடியேற்றத் திட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த குடும்பங்கள் காடு வெட்டி, வயலாக்கி, ஏறக்குறையப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அங்கே கமக்காரர் சங்கத்துக்கு நான் காரியதரிசி. வயது இருபத்தெட்டு. ஊரிலேயே ஆங்கிலம் அதிகம் படித்தவன் நான்தான் என்பது என் அபிப்பிராயம். வேறு யாரும் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அந்த ஆவணியில் சங்கத்துக்கு இரண்டு உழவு மெசின்கள் வந்தன. செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தவை. அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் எங்கள் ஆட்களைப் பழக்குவதற்காக அந்த நாட்டு மெக்கானிக் ஒருவரும் மூன்று கிழமைக்கு வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆங்கிலம் என்னுடையதைப் போலவே முழுக்க முழுக்கத் துணிச்சலில் ஓடுவது.

அவரிடம் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. ஆங்கிலச் சொற்கள், அவற்றுக்கு நேரே செக் சொற்கள். சாப்பாட்டுக்கு ஒரு பாடம், வைத்தியத்துக்கு ஒரு பாடம், சமூகத்துக்கும் சங்கங்களுக்கும் ஒரு பாடம். வேலை முடிந்த பின்னேரங்களில் சங்கக் கந்தோருக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவார். நான் ஓரத்தில் மூன்றாவது நிரலாகத் தமிழை எழுதுவேன். சங்கப் பாடம் என்றால் எனக்குக் கரும்பு. அங்கத்தவர் என்பது அவர்கள் பாஷையில் 'ச்லென்'. நிர்வாக சபை 'வீபொர்'. அயலவர் 'சௌசெத்'. ஒவ்வொன்றையும் அவர் இரண்டு தரம் சொல்ல, நான் ஒரு தரம் பிழையாகச் சொல்லுவேன்.

அங்கத்தவர் என்றால் யார் என்று ஒருநாள் கேட்டார். பெரிய பதிவுப் புத்தகத்தில் தட்டிக் காட்டி, "இதில் பெயர் உள்ளவர்" என்றேன். அவ்வளவு சுருக்கமாக விளக்கியதற்கு என்னையே மெச்சிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரி. கணவர் காய்ச்சலில் போய் ஒன்றரை வருஷம். காணிக்கு அரசாங்கம் தந்த அனுமதிப் பத்திரமான பேர்மிற் இன்னும் செத்தவரின் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றக் கொடுத்த கடிதம் எந்தக் கந்தோரில் தூங்கிக்கொண்டிருந்ததோ தெரியாது. பேர்மிற் உள்ளவரே அங்கத்தவர், உழவு மெசின் அங்கத்தவருக்கு மட்டும் என்பது சங்கத்தின் விதி. ஆவணி வெயிலில் காய்ந்த அந்த மண்ணில் எருமை பூட்டி உழ முடியாது. எருமையும் அவரிடம் இல்லை. போன மாரியில், காலபோகத்துக்கு, அந்த வயல் தரிசாகக் கிடந்தது. இந்தமுறையும் மழைக்கு முன் உழாவிட்டால், பயிர் செய்யாத காணி என்று அரசாங்கம் திருப்பி எடுத்துவிடும் பயம் இருந்தது.

"தம்பி, அங்கத்துவத்துக்கு எழுதின என்ரை விண்ணப்பத்துக்கு என்ன மறுமொழி?"

"அக்கா, அது விதிப்படி ஏலாது. எழுத்திலை மறுமொழி அனுப்பினனான்."

"ஓம், வந்தது. நல்ல வடிவான எழுத்து" என்றுவிட்டுப் போனார்.

மெக்கானிக் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ச்லென்னா என்று கேட்டார். இல்லை என்றேன். காணி இருக்கிறதா? இருக்கிறது. வேலை செய்கிறவரா? செய்கிறவர். பிற நாட்டவரா? "அது நீங்கள்" என்றேன். அவர் அந்தப் பாடத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அடியில் ஒரு வெறும் கோடு போட்டு அதற்கு நேரே கேள்விக்குறி ஒன்றை வைத்தார். மனுஷனுக்கு இங்கிதம் போதாது என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் வாய்க்கால் வெட்டு வந்தது. குளத்துத் தண்ணீர் வரும் வாய்க்காலில் வருஷம் முழுக்கச் சம்புப் புல்லும் சேறும் சேர்ந்துவிடும். மழைக்கு முன் ஒருநாள் ஊரே இறங்கித் துப்புரவாக்கும். தண்ணீர் பிரித்துவிடுகிற வட்டவிதானை தடியால் அளந்து, யார் யாருக்கு எவ்வளவு என்று முளை அடித்துவிடுவார். அதுதான் அவரவர் பங்கு. காடு வெட்டிய முதல் வருஷத்திலிருந்து ஒரு வழக்கமும் இருந்தது. தன் பங்கை வெட்டாதவர் அன்று மத்தியானக் கூட்டத்தில் வாய் திறக்கக்கூடாது. இது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. அதனால் நான் இதை ஒரு சட்டமாகவே மதித்ததில்லை. எழுதுகோல் பிடிக்கிற கைக்கு மண்வெட்டி பொருந்தாது என்ற கொள்கையில், என் பங்கை வருஷாவருஷம் என் மச்சான்தான் வெட்டுவார்.

அந்தக் காலை நான் வெள்ளை வேட்டியோடு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு கரையால் நடந்தேன். 'கூட்டு முயற்சி' என்ற தலைப்பில் ஒரு பிரசங்கமும் செய்துகொண்டு போனேன். பாருங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, ஒருவரும் தப்ப முடியாது. இப்படிச் சொல்லிக்கொண்டே என் பங்குக்கு வந்தோம். மச்சான் இல்லை. முள்ளியவளையில் ஒரு கலியாணத்துக்கு முதல்நாளே போய்விட்டாராம். எனக்கும் சொன்னாராம், நான் வாசித்துக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லையாம். என் பங்குக்குள் முழங்கால் சேற்றில் நின்று சம்பு வெட்டிக்கொண்டிருந்தவர் அந்த அக்கா.

"அக்கா, இது என்ரை பங்கெல்லோ?"

"ஓம் தம்பி, தெரியும். என்ரை பங்கு விடியவே முடிஞ்சுது. உங்கடை பங்கு அடைச்சுக் கிடந்தால் என்ரை வயலுக்குத் தண்ணி ஆகாயத்தாலையோ வரும்?"

"மண்வெட்டியைத் தாங்கோ, நான் வெட்டுறன்."

"விடுங்கோ. வேட்டி ஊத்தையாப் போடும்."

நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் மெக்கானிக் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டார். ஒரு கையில் அவருடைய சப்பாத்து, மறு கையில் சொற்புத்தகம். இந்தக் கோலத்தில்தான் அன்றைய கூட்டு முயற்சியில் நான் பங்குகொண்டேன்.

மத்தியானம் வட்டவிதானை பங்கு பங்காகப் பார்த்து வந்தார். என் முளைக்கு வந்ததும், "இது ஆர் வெட்டினது?" என்றார்.

"நானும் அந்த வெள்ளைக்காரரும்" என்றார் அக்கா.

வட்டவிதானை என் வேட்டியை மேலும் கீழும் பார்த்தார். ஒரு சேற்றுப்பொட்டு இல்லை. "அப்ப காரியதரிசியாருக்கு இண்டைக்கு வாயில்லை."

சிரிப்பு வாய்க்கால் நீளத்துக்கும் ஓடியது. அந்த வருஷம் முதலில் ஓடியது அதுதான், தண்ணீர் பிறகுதான்.

கூட்டம் பள்ளிக்கூடக் கொட்டிலில் நடந்தது. உழவு மெசின் யாருடைய வயலுக்கு எந்த நாள் என்று முறை போட வேண்டும். சங்கத் தலைவர் பட்டியலை வாசித்து முடித்தார். பின் வரிசையிலிருந்து அக்கா எழும்பினார். காலில் சேறு காய்ந்திருந்தது.

"என்ரை பேர் அதிலை இல்லை. நான் அங்கத்தவர் இல்லையாம். என்ரை பங்கும் வெட்டினன், காரியதரிசித் தம்பியின்ரை பங்கும் வெட்டினன். ரண்டு அங்கத்தவரின்ரை வேலை செய்தவளுக்கு ஒரு அங்கத்துவம் தர ஏலாதோ?"

ஒருவர் முணுமுணுத்தார். "பொம்பிளைக்கு அங்கத்துவம் குடுத்தால் நாளைக்குச் சங்கம் குசினியிலைதான் கூடும்."

"கூடட்டும் அண்ணை. அங்கையெண்டாலும் ஏதும் வேகும்."

தலைவர் நேர்மையான மனிதர், ஆனால் விதிக்குப் பயந்தவர். என் பக்கம் திரும்பினார். "விதி என்ன சொல்லுது? அதைச் சொல்ல மட்டும் காரியதரிசிக்கு அனுமதி தாறன்."

விதி எனக்கு மனப்பாடம். பேர்மிற் யார் பெயரில் உண்டோ அவரே அங்கத்தவர். அந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், தலைவர் அதற்கு மேல் போக மாட்டார், அந்த வயல் போய்விடும். வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த விடையைச் சொல்லாமல் விட்டவன் அல்ல நான். வகுப்பில் கேள்வி முடிய முன்னமே கை தூக்கிய சாதி. ஆனால் முன்னால் அந்தக் காய்ந்த சேறு தெரிந்தது, கீழே என் வெள்ளை வேட்டி தெரிந்தது. இல்லையென்று தலையை ஆட்டினேன். என் பங்கை நான் வெட்டவில்லை, எனக்கு வாயில்லை என்று கையால் காட்டினேன். விதிப்புத்தகத்தை மூடி அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டேன்.

பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். வெட்கம்தான். ஆனாலும் வெட்கம் சில வேளை நல்ல வேலை செய்யும்.

தலைவர் தாடையைத் தடவினார். பிறகு, "சரி, அப்ப சபைதான் தீர்மானிக்க வேணும். சம்மதமானவை கை தூக்குங்கோ" என்றார்.

முதல் கை வட்டவிதானையின் கை. பிறகு எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. குசினிக் கதை சொன்னவரும், கடைசியாக என்றாலும், தூக்கினார். சேறு பிடித்த இரண்டு நீளமான வெள்ளைக் கைகளும் மேலே நின்றன.

"அவரின்ரை கையை எண்ணாதேங்கோ, அவர் விருந்தாளி" என்றார் தலைவர்.

"அவரும் வெட்டினவரெல்லே!" என்று யாரோ குரல் கொடுக்க, கொட்டில் குலுங்கியது.

பேசத்தான் தடை, எழுதத் தடையில்லை. பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். அக்கா மேசைக்கு வந்து குனிந்து பார்த்தார்.

"என்ரை மனுசனின்ரை பெண்சாதி எண்டு எழுதாதேங்கோ தம்பி. என்ரை முழுப் பேரையும் எழுதுங்கோ."

எழுதினேன். எங்கள் சங்கத்தில் முதல் பெண் அங்கத்தவரின் பெயர் என் கையெழுத்தில் இருக்கிறது. அவர் முன்பே மெச்சியதுபோல, எழுத்து வடிவானதுதான்.

நாலாம் நாள் உழவு மெசின் அவருடைய வயலில் இறங்கியது. மெக்கானிக் தானே ஓட்டினார். அக்கா பின்னால் நடந்து வேர்க்கட்டைகளைப் பொறுக்கி எறிந்தபடி, "மூலை விட்டுப்போச்சு, திரும்பி வாங்கோ!" என்று தமிழில் சத்தம் போட, அவரும் திரும்பி வந்து அந்த மூலையை உழுதார். மூன்றாவது நிரல் எழுத அங்கே ஒருவரும் தேவைப்படவில்லை. மழைக்கு முன் விதைத்தாயிற்று. பயிர் நின்ற வயலைப் பார்த்த பிறகு அரசாங்கக் கந்தோரும் கண் விழித்துப் பேர்மிற்றைப் பெயர் மாற்றித் தந்தது.

அடுத்த ஆவணியில் அக்கா நிர்வாக சபையில் இருந்தார். வாய்க்கால் வெட்டு நாளன்று விடியவே என் வீட்டுப் படலையில் நின்று, "காரியதரிசித் தம்பி, மச்சானை எழுப்பாதேங்கோ, நீங்கள் வாங்கோ" என்றார். போனேன். உள்ளங்கை கொப்பளித்து, மூன்று நாள் பேனா பிடிக்க முடியவில்லை. சங்கத்துக்கு அதனால் எந்த நட்டமும் ஏற்படவில்லை என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொன்னார்கள்.

அதன்பின் எத்தனையோ சபைகளில் இருந்துவிட்டேன். எத்தனையோ கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். அவற்றில் ஒன்றாவது இன்று யாருக்கும் நினைவிருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் ஒரு கூட்டத்தில் விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்பதையும், அதனால் ஒரு வயல் அதற்கு உரியவரிடமே நின்றது என்பதையும் இன்றும் யாரிடமும் தலை நிமிர்ந்து சொல்லுவேன்.